திருச்சிக்கு அரை நாள் கார் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் சொந்தக் காரில் போவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். தூரங்கள் எல்லாம் தாம்பரத்திலிருந்து கணக்கிட்டவை. ஓரிரண்டு கிலோமீட்டர் முன்பின் இருக்கலாம்.

கேள்வி: திருச்சி தில்லை நகரில் காலை 11 மணிக்கு நிச்சயதார்த்தம். முந்தைய நாளே போக வழியில்லை. பெரியவர்கள் நான்கு பேர், சீர்த்தட்டுச் சாமான்கள் வேறு. மேப்பில் பார்த்தால் ஐந்து மணி நேரம் காட்டுகிறது. காலை 6 மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்குமா?
– ஒரு வாசகி, கிழக்குத் தாம்பரம்

பதில்: இருக்காது. மேப் காட்டும் ஐந்து மணி நேரம் சக்கரம் உருளும் நேரம் மட்டும்தான். டிபன், கழிப்பறை, டீ எதுவும் அதில் சேராது. தவிர, நீங்கள் ராத்திரி 10 மணிக்குப் பார்த்தால் அந்த நேரத்துப் போக்குவரத்தை வைத்துத்தான் அது சொல்லும். மேப்பிலேயே புறப்படும் நேரத்தை மாற்றிப் பார்க்கும் வசதி உண்டு. நாளையும் மணியையும் போட்டுப் பாருங்கள், எண் மாறும்.

4.45-க்கு வண்டி தெருவை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோவில் தாண்டிச் செங்கல்பட்டு 30 கி.மீ., நாற்பது நிமிடம். இதே தூரத்துக்கு ஏழு மணிக்குமேல் ஒரு மணி நேரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் இறுதியில் பேருந்து முனையம் திறந்த பிறகு, வெளியூர்ப் பேருந்துகள் வந்து போகும் நேரமெல்லாம் வண்டலூரை ஒட்டிய பகுதியில் நெரிசல்தான். செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம், மேல்மருவத்தூர், திண்டிவனம் வழியாக விக்கிரவாண்டி 90 கி.மீ.; ஒன்றேகால் மணி நேரம். அங்கே 6.40-க்கு டிபன். அந்த வேளைக்குக் கூட்டம் சேர்ந்திருக்காது, இட்லியும் சூடாகக் கிடைக்கும். முப்பத்தைந்து நிமிடத்துக்குமேல் உட்கார வேண்டாம். அடுத்து விழுப்புரம் புறவழி, உளுந்தூர்பேட்டை, தொழுதூர், பெரம்பலூர் என்று 125 கி.மீ.; ஒரு மணி நாற்பது நிமிடம். பெரம்பலூரில் பத்து நிமிடம் இறங்கி நடந்துவிட்டு 9.05-க்குக் கிளம்பினால் 9.40-க்குச் சமயபுரம். அங்கிருந்து கொள்ளிடம், காவிரிப் பாலங்களைத் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையம் வழியாகத் தில்லை நகருக்கு நாற்பது நிமிடம். 10.20-க்குப் போய்விடலாம். முகம் கழுவ, புடவை மாற்ற, தட்டுகளை அடுக்க நாற்பது நிமிடம் கையில் இருக்கும்.

‘தாமதமாகக் கிளம்பினால் என்ன, வழியில் வேகமாக ஓட்டிப் பிடித்துவிடலாம்’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். செங்கல்பட்டிலிருந்து பெரம்பலூர் வரை திறந்த சாலை 215 கி.மீ. சராசரி 74-இல் போனால் 2 மணி 55 நிமிடம். 84-இல் போனால் 2 மணி 34 நிமிடம். மிச்சம் இருபது நிமிடம்தான். சராசரியை அந்தப் பத்து கிலோமீட்டர் உயர்த்த, பல இடங்களில் 110, 120 தொட வேண்டியிருக்கும். விடியலில் அரை மணி முன்னால் கிளம்பினாலே தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரையான ஜிஎஸ்டி சாலையில் அதைவிட அதிக நேரம் மிச்சமாகும். இந்தப் பயணத்தின் நேரத்தைத் தீர்மானிப்பவை முதல் முப்பது கிலோமீட்டரும் கடைசிப் பதினைந்தும்தான். நடுவில் நிதானமாகப் போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஓட்டுபவர் முந்தைய இரவு 9 மணிக்குப் படுத்துவிட வேண்டும். பெட்டி கட்டும் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இருட்டோடு கிளம்புகிறீர்கள் என்பதால் மேல்மருவத்தூர் அருகே சாலை கடக்கும் பக்தர்கள், முண்டியம்பாக்கம் பக்கம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் மீது கவனம் வேண்டும். டிரெய்லருக்குப் பின்விளக்கு இல்லாமலே பல டிராக்டர்கள் போகின்றன. ஏற்றிய கரும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருப்பது ஹெட்லைட்டில் கடைசி நேரத்தில்தான் தெரியும். மாசியில் பூச்சொரிதல், சித்திரையில் தேர் நடக்கும் நாட்களில் சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் சாலை ஓரம் நிறைந்திருப்பார்கள். அந்த நாட்களில் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு முந்தைய நாள் ஜிஎஸ்டி சாலையைத் தவிர்க்க வழி உண்டா? வீடு மேடவாக்கம்.

பதில்: உண்டு. சோழிங்கநல்லூர் போய் ராஜீவ் காந்தி சாலையைப் பிடித்துக் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டில் சேருங்கள். பண்டிகை நாட்களில் போக்குவரத்துப் போலீஸாரும் இந்த வழியைத்தான் பரிந்துரைக்கிறார்கள். தூரம் சற்றுக் கூடும், ஆனால் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். திருப்போரூர்–செங்கல்பட்டு சாலை அகலம் குறைவு, எதிர் வண்டி உண்டு. அவசரப்பட்டு முந்தாதீர்கள். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக்காரர்கள் ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் வரலாம். ஆனால் செங்கல்பட்டுக்குப் பிறகு எல்லாரும் ஒரே சாலையில்தான். ஆத்தூர், விக்கிரவாண்டி டோல்களில் நிற்கத்தான் வேண்டும். அன்று மதியத்துக்குமேல் கிளம்புவதாக இருந்தால் அரை நாள் பயணம் என்ற கணக்கையே விட்டுவிடுங்கள்.

கேள்வி: வழியில் எத்தனை டோல்? போன முறை ஃபாஸ்டேக்கில் பணம் இல்லை என்று சொல்ல, வரிசையில் நின்றபடியே ரீசார்ஜ் செய்தேன். அப்படியும் இரண்டு மடங்கு வாங்கினார்கள். வருடப் பாஸ் எடுப்பது லாபமா?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: ஆறு டோல்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம்.

வரிசையில் நின்று ரீசார்ஜ் செய்தும் பலிக்காததற்குக் காரணம் உண்டு. பணம் குறைந்தாலோ கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) நிலுவையில் இருந்தாலோ டேக் கறுப்புப் பட்டியலுக்குப் போய்விடும். 2025 பிப்ரவரியில் வந்த விதிப்படி, டேக்கை ரீடர் படிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே அது கறுப்புப் பட்டியலில் இருந்து, படித்துப் பத்து நிமிடம் ஆன பிறகும் அதிலேயே இருந்தால் கட்டணம் நிராகரிக்கப்படும். நீங்கள் ரீசார்ஜ் செய்த தகவல் வங்கியிலிருந்து டோல் பிளாசாவுக்குப் போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும். அதனால் முந்தைய நாள் மாலையே பணம் போட்டு, நிலைமை ‘ஆக்டிவ்’ என்று காட்டுகிறதா பார்த்துவிடுங்கள். போகவும் வரவும் பன்னிரண்டு டோல் என்பதை நினைவில் வைத்துத் தொகையைப் போடுங்கள். அப்படியும் டேக் வேலை செய்யாமல் போனால் ரொக்கம் நீட்டாதீர்கள். 2025 நவம்பர் 15-இல் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐ-யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. டேக்கைக் கண்ணாடியில் ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அதற்காகவும் கறுப்புப் பட்டியலில் சேர்க்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் 15-இல் வந்த வருடப் பாஸ் தொடக்கத்தில் 3,000 ரூபாய். 200 டோல் கடப்பு அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை. சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேனுக்கு மட்டும், தேசிய நெடுஞ்சாலை டோல்களில் மட்டும் செல்லும். உங்கள் வழியில் போய்வர 12 கடப்பு. 200-இல் பதினாறு முறை போய்வரலாம். உங்கள் ஃபாஸ்டேக் கணக்கில் போன முறை போய்வந்ததற்குப் பிடித்த மொத்தத் தொகையைப் பாருங்கள். பாஸின் விலையை அதனால் வகுத்தால் வரும் எண்ணைவிட ஓராண்டில் அதிக முறை போவீர்களானால் எடுங்கள். ஒன்று கவனியுங்கள்: 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் சாதாரண டேக்கிலேயே திரும்பும் கட்டணம் பாதியாகிவிடும். அன்றே திரும்புகிறவர்கள் அந்தத் தொகையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கேள்வி: என் கார் வாங்கி ஏழு ஆண்டு, ஓடியது 24,000 கி.மீ.தான். டயரில் பட்டன் (தரையைப் பற்றும் மேல்வரிகள்) நன்றாக இருக்கிறது. மே மாதம் திருச்சி போக வேண்டும். பம்ப்பில் நைட்ரஜன் போடச் சொல்கிறார்கள், வெயிலில் காற்று விரியும் என்பதால் இரண்டு பாயின்ட் குறைத்து வைக்கவும் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: காற்றைக் குறைக்காதீர்கள். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குக் காற்று அதிகம் இருப்பதைவிடக் குறைவாக இருப்பதே பெரும்பாலும் காரணம். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு எண்ணூறு தடவை போல இது நடக்கும். அப்படி மடங்குவதால் உள்ளே சூடு ஏறும். ரப்பருக்கும் உள்ளிருக்கும் நூலுக்கும் உள்ள ஒட்டு அந்தச் சூட்டில் விட்டுப்போய், ஒரு கட்டத்தில் சுவர் கிழியும். வெயில் அதற்குத் துணைதான் போகிறது, முதல் காரணம் காற்றுக் குறைவு.

சரியான அளவு எது என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டு வரிசை உண்டு: இரண்டு மூன்று பேருக்கு ஓர் அளவு, முழு ஆளும் சாமானும் ஏற்றினால் இன்னோர் அளவு. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது. காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவை வையுங்கள். பம்ப் தூரம் என்றால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறிய காற்றடிக்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. ஓடி நின்ற பிறகு அளந்தால் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அது இயல்பு, ஸ்டிக்கரில் உள்ள அளவே அதை எதிர்பார்த்துத்தான் தரப்பட்டிருக்கிறது. வழியில் காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். நைட்ரஜன் கெடுதல் இல்லை, கட்டாயமும் இல்லை. சாதாரணக் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

உங்கள் விஷயத்தில் நாங்கள் கவலைப்படுவது டயரின் வயதைப் பற்றித்தான். பக்கச் சுவரில் டிஓடி என்ற ஆங்கில எழுத்துகளை அடுத்து வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. சில டயரில் இது உள்பக்கச் சுவரில் இருக்கும், டார்ச் வைத்துத்தான் படிக்க முடியும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் காலத்தால் இறுகிப்போகும். நின்றபடியே வெயில் குடித்த வண்டியில் இன்னும் சீக்கிரம். பக்கச் சுவரை விரலால் அழுத்தினால் மயிரிழைபோல் வெடிப்புகள் தெரிகின்றனவா, எங்காவது கொப்பளம் போல வீங்கியிருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்த டயரோடு நெடுஞ்சாலைக்கு ஏறாதீர்கள். வெடிப்பு தெரியாவிட்டாலும், ஏழு ஆண்டுப் பழைய டயரில் மே மாதம் குடும்பத்தோடு 300 கி.மீ. போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நான்கையும் மாற்றிவிடுங்கள்.

ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத ஸ்டெப்னியில் பாதிக் காற்றுகூட இருக்காது. அது மற்றவற்றைவிட ஒல்லியான தற்காலிக வகையாக இருந்தால் அதில் எழுதியிருக்கும் வேகத்தை, பொதுவாக 80 கி.மீ., மீறாமல் அடுத்த பஞ்சர் கடை வரை மட்டும் போக வேண்டும்.

கேள்வி: நெடுஞ்சாலைக்குப் புதிது. வலது பாதையிலேயே லாரி மெதுவாகப் போகிறது, ஹார்ன் அடித்தாலும் விலகுவதில்லை. இடது பக்கம் முந்தலாமா?
– ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: முதலில் அவர் ஏன் வலதில் போகிறார் என்று பாருங்கள். இடது பாதையில் பைக், திடீரென்று நிற்கும் டவுன் பஸ், ஓரத்தில் நிறுத்திய வண்டி, சர்வீஸ் ரோட்டிலிருந்து எட்டிப்பார்க்கும் டிராக்டர் என்று பத்துத் தொல்லை. பாரம் ஏற்றிய லாரியை நிறுத்தி மறுபடி வேகம் எடுக்க அவருக்கு நேரமாகும். அவர் வலதைப் பிடித்துக்கொள்ள வைக்கும் அதே தொல்லைகள்தாம், நீங்கள் இடதில் முந்தும்போது உங்கள் எதிரே வரும்.

அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். சற்றுப் பின்னால் நின்று ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்து, ஒருமுறை ஹார்ன் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலான டிரைவர்கள் இடம் கிடைத்ததும் ஒதுங்கிக் கொடுப்பார்கள். ஒதுங்கவே இல்லை, இடதுதான் வழி என்றால் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். லாரி 60-இல், நீங்கள் 80-இல். முன்னும் பின்னும் பாதுகாப்பான இடைவெளி விட்டு அதைக் கடக்க 13 விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் 290 மீட்டர் ஓடியிருப்பீர்கள். அவ்வளவு தூரமும் இடது பாதை காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போங்கள். பஸ் நிறுத்தம், சர்வீஸ் ரோட்டு வாய், பெட்ரோல் பங்க், மேம்பாலத் தொடக்கம் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். பெரம்பலூர் மாவட்டத்தில் அறுவடைக் காலத்தில் சாலை ஓரத்தில் மக்காச்சோளம் காயப்போட்டு, கல்லும் வைத்திருப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

லாரியின் வலது இண்டிகேட்டர் எரிந்தால் சிலர் ‘நீங்கள் போகலாம்’ என்று சொல்வதாகவும் இருக்கும், மீடியன் திறப்பில் உண்மையாகவே திரும்பப் போவதாகவும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே விளக்கு. கை ஆட்டினாலும் சரி, விளக்கு போட்டாலும் சரி, நீங்கள் கண்ணால் பார்க்காததை நம்பி முந்தாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறோம், சின்னவனுக்குக் காரில் வாந்தி வரும். என்ன ஏற்பாடு செய்யலாம்?

பதில்: அம்மாவின் ஊசி நேரத்தை மாற்றாமல், சாப்பாடு நிறுத்தத்தை அதற்கேற்ப வையுங்கள். இலை போட்டு இட்லி எதிரே வந்த பிறகு ஊசி போடுங்கள். காரிலேயே போட்டுவிட்டு ‘அடுத்த ஓட்டலில் சாப்பிடலாம்’ என்று போய் டோலில் அரை மணி மாட்டிக்கொண்டால் சர்க்கரை இறங்கிவிடும். குளுக்கோஸோ சர்க்கரை மிட்டாயோ அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்சுலினை டாஷ்போர்டிலோ நிறுத்திய காரிலோ விடாதீர்கள், கைப்பையில் இறங்கி வரட்டும்.

பையனுக்குக் கிளம்புமுன் பால் கொடுக்காதீர்கள். இட்லி ஒன்றோ பிஸ்கட் நாலோ போதும். வெறும் வயிறும் வாந்தியைக் கூட்டும். போனைப் பார்க்கவிடாமல், எதிரே சாலை தெரியும்படி பின் சீட்டின் நடுவில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். வாந்தி மாத்திரை தருவதாக இருந்தால் குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மின்சாரக் காரில் போகலாமா? 30 யூனிட் பேட்டரி.

பதில்: போகலாம். ஏசியோடு 80-இல் சீராகப் போனால் யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. போல வரும், முழு சார்ஜில் 190 கி.மீ. அளவு. 100-இல் போனால் காற்றெதிர்ப்பால் இது ஐந்தில் ஒரு பங்காவது குறையும். வீட்டில் நூறு சதவீதம் ஏற்றிவிட்டு, விக்கிரவாண்டி–விழுப்புரத்தில் டிபன் நேரத்தில் வேகச் சார்ஜரில் எண்பது சதவீதம் வரை ஏற்றுங்கள். எண்பதுக்குமேல் மெதுவாகத்தான் ஏறும். அங்கிருந்து திருச்சி இன்னும் 165 கி.மீ. எண்பது சதவீதம் அதற்குப் போதாது. எனவே பெரம்பலூர் சுற்றுவட்டாரத்தில் இருபது நிமிடம் மறுபடி. இரண்டு இடத்திலும் அருகருகே வேறு நிறுவனத்தின் சார்ஜர் ஒன்றையும் குறித்துவைத்து, இரண்டு செயலிகளிலும் முன்பே பணம் போட்டு வையுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் போக நேர்ந்தால்? வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது?
– ஒரு வாசகர், பல்லாவரம்

பதில்: சாதாரண மழை என்றால் வேகத்தை 60–70-க்கு இறக்கி, முன் வண்டிக்கு வழக்கத்தைவிட இரு மடங்கு இடைவெளி விடுங்கள். க்ரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டதுபோல் தோன்றினால் டயர் தண்ணீர்மேல் மிதக்கிறது என்று பொருள். பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை மட்டும் மெதுவாக விட்டு, சக்கரத்தை நேராகப் பிடித்திருங்கள். ஓடும்போது, எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் விளக்கைப் போடாதீர்கள். நீங்கள் திரும்பப்போவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். ஹெட்லைட்டை லோ பீமில் போட்டால் போதும்.

புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பது ஒன்றே வழி. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, விழுப்புரத்தைத் தாண்டி அரசூர் அருகே இதே நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடிப் போக்குவரத்து நின்றது. மழை ஓய்ந்த மறுநாள் வானம் வெளுத்திருந்தாலும், மேட்டில் பெய்த தண்ணீர் தென்பெண்ணையிலும் கிளை ஆறுகளிலும் வந்து சேர நேரமாகும். கிளம்புமுன் விழுப்புரம் மாவட்டச் செய்தியைப் பார்த்துவிடுங்கள். சாலையைத் தண்ணீர் கடந்து ஓடினால், முன்னால் லாரி போகிறது என்று பின்தொடராதீர்கள். லாரியின் அச்சு உயரம் வேறு, உங்கள் கார் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய் இருக்கும் உயரம் வேறு.

வண்டி நின்றால், உருளும்வரை உருளவிட்டு இடது ஓர வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒதுக்குங்கள். ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். எல்லாரும் இடது கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். காருக்குள் உட்கார்ந்திருப்பதும் காருக்குப் பின்னால் நின்று டிக்கியைக் குடைவதும்தான் ஆபத்து. சிவப்பு முக்கோணத்தை ஐம்பது மீட்டர், அதாவது எழுபது தப்படி பின்னால் வையுங்கள். பிறகு 1033. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் இது, நாள் முழுவதும் இயங்கும். எந்தப் பக்கம் போகும் பாதை, அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று சொல்லுங்கள். 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் இருக்கும், தேடிப் பாருங்கள்.

வெப்பமானி முள் மேலேறி நின்ற வண்டியென்றால் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது ஆறவிட்டு, மூடிமேல் தடித்த துணியைப் போட்டுக் கால் திருகு மட்டும் திருகி, சீறல் அடங்கிய பிறகு திறக்க வேண்டும்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108. இந்தச் சாலையில் செங்கல்பட்டு, முண்டியம்பாக்கம் இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு; பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அத்திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். தனியார் மருத்துவமனைகளும் அதில் இருக்கின்றன. பணம் கட்டச் சொன்னால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து திரும்ப எது நல்ல நேரம்?

பதில்: மதியச் சாப்பாட்டை 12-க்கு முடித்து 12.30-க்குக் கிளம்புங்கள். மாலை 5 மணிக்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டால் பரனூரிலும் கூடுவாஞ்சேரியிலும் ராத்திரிக் கூட்டத்தில் மாட்ட மாட்டீர்கள். சாப்பிட்ட உடனே ஓட்டுவதால் உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் கண் சொக்கும். பாட்டைச் சத்தமாக வைப்பதும் ஜன்னலைத் திறப்பதும் ஐந்து நிமிடத்துக்குமேல் உதவாது. காபி ஒன்று குடித்துவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். அந்த நேரத்துக்குக் கிளம்ப முடியாதவர்கள் ஞாயிறு இரவு தங்கி, திங்கள் விடிகாலை 3 மணிக்குக் கிளம்பி அலுவலகம் போகத் திட்டமிட வேண்டாம். தூக்கம் கண்ணைச் சுற்றும் வேளை அது. ஓரத்தில் விளக்கில்லாமல் நிறுத்திய லாரிகள்மீது மோதும் விபத்துகள் அந்த நேரத்தில்தான் அதிகம் கேள்விப்படுகிறோம். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு 5.30-க்குக் கிளம்புங்கள்.